ஏரிக்கரையில் பிளக் கிடையாது

சுடர்க்கொடி ஏரிகளில் பறவைகளை எண்ணுகிறவள். நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் அன்றைய வேலை மொத்தமும் செல்லாது. அந்த வேலைக்காகப் புது மடிக்கணினி வாங்க வந்தவள், கடைக்காரர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டாள். முதலில் உயர்ந்த ரகத் திரை. அடுத்து கிராபிக்ஸ் கார்டு.

"நீ எதற்கு வந்தாய்?" என்று மடிக்கணினியின் பேட்டரி, கிராபிக்ஸ் கார்டிடம் கேட்டது.

"பின்னால் தேவைப்படலாமாம்."

"சாப்பாடு?"

"உன்னிடம்தான் அண்ணே. கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுவேன்."

பேட்டரிக்கு உடம்பு சுட்டது. "ஏரிக்கரையில் பிளக் கிடையாது. சாயங்காலம் வரை நான் ஒருவனே தாங்க வேண்டும். திரையே, அந்த அம்மாவிடம் சொல்லேன். எனக்கு வாய் நீதானே?"

"இப்போது வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்," என்றது திரை. அதில் ஒரு மீன்கொத்தியின் படம் இறகு இறகாகத் தெரிந்தது.

"பெரிய பேட்டரி போடலாமா? எடை கொஞ்சம் கூடும்," என்றார் கடைக்காரர்.

சுடர்க்கொடி மடிக்கணினியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள்.

"இப்போதாவது சொல்!" என்று பேட்டரி கெஞ்சியது.

திரை மீன்கொத்தியின் நீலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

"இதுவே போதும்," என்றாள் சுடர்க்கொடி.

அடுத்த வாரம், பகல் பன்னிரண்டு மணிக்கு, ஏரியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கின. அவள் நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணி மடிக்கணினியில் பதிந்திருந்தாள். அப்போதுதான் திரை பேட்டரிக்காக வாய் திறந்தது. கொளுத்தும் வெயிலிலும் 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்ற சிவப்பு எழுத்து ஒரு புள்ளிகூட மங்காமல் மிக அழகாகத் தெரிந்தது.