சாய்ந்த டிரம்

ஹராரேயின் ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் வெயில் வெள்ளையாய்க் காய்கிறது. காங்கோவிலிருந்து வந்து இங்குள்ள மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருக்கும் இலுங்கா, தேர்வுக்காக நிறுத்திவைத்த டிரம்களுக்கு நடுவே காரைப் பின்னால் எடுக்கிறார். சாலையின் வலப்பக்கமே வண்டி ஓடும் நாட்டில் வளர்ந்த கழுத்து, இடப்பக்கம் ஓட்டும் இங்கே தவறான தோளுக்கு மேலே திரும்புகிறது. டம்மென்று ஒரு சத்தம். காலி டிரம் ஒன்று சாய்ந்து புழுதி கிளப்புகிறது. "மெதுவா, அதுக்கு வலிக்கும்!" என்று காத்திருக்கும் வரிசை கைதட்டிச் சிரிக்கிறது. "மூணாவது தடவை, பெரியவரே. தள்ளிவிட்டவங்கதான் நிமுத்தி வைக்கணும், இறங்குங்க," என்கிறாள் தேர்வு அதிகாரி, அவர் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அவர் குனிந்து பிடிக்கிறார். விரல்கள் நடுங்க, டிரம் நழுவுகிறது. வேலியோரம் சோளக்கதிர் சுட்டு விற்கும் பெண் ஓடிவந்து மறுபக்கம் கைகொடுக்கிறாள். போன மாதம் அவள் மகனின் வயிற்றைத் தைத்தவர் அவர். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு அவளை அடையாளம் தெரிந்துவிடுகிறது. அவளும் உற்றுப் பார்க்கிறாள். "ஐயா, நீங்க டாக்டர்தானே? எங்க பையன் தாதெண்டாவுக்கு ஆபரேஷன் பண்ணவரு?" வரிசையில் சிரிப்பு அடங்கி எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். "இல்லம்மா, அது வேற யாரோ," என்கிறார் இலுங்கா. அவள் டிரம்மின் மேலிருக்கும் அவருடைய கைகளைப் பார்க்கிறாள். "அதானே, அவருக்குக் கை இப்படி நடுங்காது," என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே நிமிர்த்தி வைக்கிறாள்.