ஏறிக்கொண்டே போன விலை

"ஒரு பெட்டி இருபத்தைஞ்சு ரூபா."

பெட்டிக்காரி சொன்ன விலையைக் கேட்டுக் கனகாம்பிகை மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். கரம்பொன்னில் மச்சாள் அன்னபூரணம் நேற்றே பாடம் எடுத்திருந்தாள்.

"நயினாதீவுத் திருவிழாக் கடையளிலை சொன்ன விலைக்கு வாங்கிப்போடாதையும், மச்சாள். பாதிக்குக் கேளும். தரேலாது எண்டுவினம். நீர் எழும்பி நடவும். நாலடி வைக்க முன்னம் கூப்பிடுவினம்."

கனகாம்பிகை பிறந்து வளர்ந்தது கோலாலம்பூரில். கல்யாணமாகி இருபது வருசம் கழித்து, இந்த எண்பத்து நாலாம் ஆண்டு ஆனியில்தான் புருசனின் ஊரான கரம்பொன்னைப் பார்க்க முதன்முதலாக வந்திருக்கிறாள். கூடப் படிப்பிக்கும் ஆசிரியைகளுக்குக் கொண்டுபோகச் சாயம்போட்ட பனையோலைப் பெட்டி பன்னிரண்டு வேண்டும். முழங்கால் நோ என்று மச்சாள் கோயில் மடத்தில் இருந்துவிட்டதால், தனியாகவே பேரம் பேச வந்திருந்தாள்.

"பன்னிரண்டு ரூபா தரட்டுமா?" என்று கேட்டாள்.

"முப்பது."

காதில் பிழையாக விழுந்துவிட்டதோ?

"இப்பதானே இருபத்தைந்து சொன்னீங்க?"

"அது அப்ப. இப்ப முப்பது."

"சரி, பதினைந்து. ஒன்றில்லை, பன்னிரண்டு பெட்டி எடுக்கிறேன்."

"பன்னிரண்டு எண்டால் ஒண்டு முப்பத்தைஞ்சுப்படி வரும்."

கனகாம்பிகைக்குத் தலை சுற்றியது. மச்சாளின் பாடத்தில் இது இல்லை. எழும்பி நடந்தாள். நாலடி வைத்தாள். பத்தடி வைத்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தாள். பெட்டிக்காரி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

வெட்கத்தைப் பாராமல் திரும்பி வந்தாள்.

"சரியம்மா. நீங்க முதலில் சொன்ன இருபத்தைந்தையே தருகிறேன்."

"நாப்பது."

"இதென்ன அநியாயம்! கேட்ட விலையைத் தருகிறேன் என்றாலும் ஏத்துறீங்களே?"

"விருப்பமில்லாட்டி விடுங்கோ. மலிவுப் பெட்டி வேணுமெண்டால் உங்கை பக்கத்திலை கிடக்குது. போய் வாங்குங்கோ!"

பக்கத்துப் பாயில் மெலிந்த பெண் ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். முன்னால் ஒரு குவியல் பெட்டி. அதே பின்னல், அதே சிவப்பும் பச்சையும்.

"எவ்வளவு?"

"எட்டு ரூபா, அம்மா."

கனகாம்பிகை பேரம் பேசவில்லை. பன்னிரண்டையும் எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த பாய்க்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"அந்த அம்மாவுக்கு மூளை கீளை பிசகா?"

"மேரிறோஸ் அக்காவோ? ரெண்டு பேரும் நெடுந்தீவாலை ஒரே வள்ளத்திலைதான் வந்தனாங்கள். முந்தியெல்லாம் சிரிச்சுப் பேசி விக்கிற மனுசி. இந்த முறை ஏன் இப்பிடி எரிஞ்சு விழுறா எண்டு எனக்கும் விளங்கேல்லை."

அப்போது வள்ளத்தில் சேர்ந்து வந்திறங்கிய பெண்கள் கூட்டம் ஒன்று மேரிறோசின் பாயை நோக்கி வந்தது. கனகாம்பிகை குறுக்கே போய் மறித்தாள்.

"அங்கே போகாதீங்க, சரியான கொள்ளைக்காரி! இங்கே வாங்க, இது எட்டு ரூபாதான்."

பிறகு வந்த இரண்டு மூன்று பேருக்கும் சொன்னாள். மேரிறோசின் காதில் அது விழாமல் இருந்திருக்காது. ஆனால் அவள் முகத்தைத் திருப்பவேயில்லை.

நல்ல காரியம் செய்த திருப்தியோடு கனகாம்பிகை மடத்துக்குப் போனாள். அன்னதானம் முடிந்து சற்றுக் களைப்பாறியபின் பெட்டிகளைப் பார்த்த அன்னபூரணம், "எட்டு ரூபாவுக்கோ! எனக்கும் ரெண்டு வாங்கியாரும், மச்சாள்," என்றாள்.

திரும்பி வந்தபோது மெலிந்த பெண்ணின் இடம் வெறுமையாகக் கிடந்தது. மேரிறோசின் முன்னால் மட்டும் காலையில் கண்ட குவியல் அப்படியே இருந்தது. வேறு வழியில்லை.

"இரண்டு பெட்டி வேணும். இப்ப என்ன விலை? ஐம்பதா?"

"எட்டு ரூபா, அம்மா. ரெண்டுமெண்டால் பதினைஞ்சுக்குத் தாறன்."

கனகாம்பிகை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலையில் நாற்பது என்றீங்களே?"

மேரிறோஸ் இரண்டு பெட்டிகளைத் தெரிந்தெடுத்துத் தூசி தட்டினாள்.

"காலமை பக்கத்திலை நாகமுத்து இருந்தவள். மாசியிலை கடலுக்குப் போன அவளின்ரை மனுசன் இன்னும் வரேல்லை. நான் அரிசி குடுத்தனான், திருப்பிக் கொண்டந்து வைச்சிட்டாள். காசு குடுத்தனான், முகத்தை முறிச்சுப்போட்டாள். எனக்கு வீட்டிலை உழைக்க ஆள் இருக்குது. சந்திக்கு முன்னாலை இருக்கிறதும் நான். நானும் எட்டு எண்டால் சனம் என்னட்டையே வாங்கிக்கொண்டு போயிடும்."

கனகாம்பிகைக்கு முகம் சிவந்துபோயிற்று. "நான் ஒன்றும் தெரியாமல் உங்களை அத்தனை பேர் முன்னால்..."

"அதைவிடப் பெரிய உதவி ஒருத்தரும் செய்யேல்லை, அம்மா," என்று சிரித்தாள் மேரிறோஸ். "அவளின்ரை கைப்பிள்ளை வீட்டிலை காய்ச்சலோடை கிடக்குது. நீங்கள் என்னைக் கொள்ளைக்காரி எண்டு ஊருக்கெல்லாம் சொன்னபடியால்தானே, எல்லாத்தையும் வித்துப்போட்டு அவள் மத்தியான வள்ளத்துக்கே போயிட்டாள்!"