ஒவ்வொருவராக வரவும்

வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை வாசலில், வருகிறவர்கள் கையில் சானிடைசர் ஊற்றுவது என் வேலை. பக்கத்தில் உள்ள மெஷின் காய்ச்சல் பார்த்துவிட்டு வழி திறக்கும். இரண்டு பேர் சேர்ந்து நின்றால், "ஒவ்வொருவராக வரவும்" என்று சொல்லித் திறக்க மறுக்கும். வேல்விழி அக்காவும் சுகப்பிரியா அக்காவும் தினமும் அதனிடம் திட்டு வாங்குவார்கள். ஒரே ஊர், ஒரே ஹாஸ்டல் அறை; தோள் உரசித்தான் வருவார்கள்.

சுகப்பிரியா அக்காவுக்கு மெஷின் கடைசியாகக் காட்டியது நூற்று மூன்று. ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். முகத்தைக்கூட வேல்விழி அக்காவுக்குக் காட்டவில்லை.

பதினைந்து நாள் கழித்து வேல்விழி அக்கா தனியாக வேலைக்கு வந்தார்.

"ஒவ்வொருவராக வரவும்" என்றது மெஷின். மறுநாளும் அதையே சொன்னது.

"இன்னாம்மா, உனுக்கு மட்டும் மக்கர் பண்ணுது?" என்றார் சூப்பர்வைசர் வசந்தகுமார். "நாளைக்கும் வுடலன்னா ஊருக்குக் கெளம்பு. வேற ஆள் போட்டுக்கறோம்."

மூன்றாம் நாளும் மெஷின் திறக்கவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பேசக் கூச்சம். ஆனாலும் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, மொதல்ல அவங்கள வுடுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஓரடி விலகினார். "ஏட்டி, நீ முன்னால போ."

யாருமில்லாத இடத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றேழு என்று காட்டி, வழி திறந்து மூடியது.

"காய்ச்சல் விட்டுட்டு, அவளுக்கு" என்றார் வேல்விழி அக்கா.

இப்போதெல்லாம் அவர் வந்தால் சானிடைசரை இரண்டு முறை ஊற்றுகிறேன். இரண்டாவது முறை ஊற்றுவது தரையில் விழுவதில்லை.