ஆடாத நட்சத்திரம்

"இன்னும் ஆடுதா சார்?" நாலாவது தடவையாகக் கேட்டார் வேடியப்பன்.

"ஆடுது, ஆடுது. பேய் புடிச்ச மாதிரி ஆடுது" என்று லேப்டாப்பை முறைத்தார் தமிழழகன். நட்சத்திரத்தின் அசைவைக் காட்டும் பச்சைக் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தமிழழகனுக்கு வானத்தைப் படம் பிடிக்கும் பைத்தியம். கேமராவுக்கு முன்னால் மாட்டும் புதுப் பெட்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சென்னை நண்பர் கொடுத்திருந்தார். நட்சத்திரம் நடுங்க நடுங்க, உள்ளே இருக்கும் கண்ணாடியைச் சாய்த்து அந்த நடுக்கத்தைச் சரிக்கட்டுவதுதான் அதன் வேலை.

அதற்காகவே கல்வராயன் மலைக்கு வந்து, தெரிந்தவரான வேடியப்பன் வீட்டுக்கு மேலிருக்கும் பாறையில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார். திருகை முடுக்கினார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார். சிம்ம ராசிப் பக்கம் தெரியும் சுருள் கேலக்ஸி, இத்தனை வருடமாக வந்தது போலவே, தண்ணீரில் கரைந்த விபூதியாகத்தான் வந்தது. அவருக்கு மனசு விட்டுப்போனது.

"காலையில பெட்டியத் திருப்பிக் குடுக்கணும். இன்னிக்கு வுட்டா அவ்ளோதான்."

"எங்களுக்கும் அப்டித்தான் சார். நாளைக்கு இங்க இருப்பமோ, மூட்டயக் கட்டிக்கினு கேரளா தோட்டத்துக்குப் போவமோ."

எதிரே இருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி ஏறுவது போல ஓர் உறுமல் லேசாகக் கேட்டது. காற்று திரும்பியதும் அதுவும் போனது.

"நீங்களாச்சும் போய்ப் படுங்க வேடியப்பன்."

"பொண்டாட்டி தொரத்தி வுட்டுட்டா சார். நா பக்கத்துல நின்னா ராசியில்லியாம்."

"எல்லா வூட்லயும் அதே பாட்டுதான்" என்று சிரித்தார் தமிழழகன். வேடியப்பன் சிரிக்கவில்லை. திரையில் கோடு துள்ளத் துள்ள அவர் முகத்தில்தான் ஒரு தெம்பு வந்தது.

"ஆடட்டும் சார். நிக்காம ஆடட்டும்."

"இன்னாங்க இது, வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சறீங்க?" தமிழழகனுக்குக் கோபமே வந்துவிட்டது. "அந்த மேட்டையே வேற பாத்துக்கினு இருக்கீங்க. யாராச்சும் லைட்டு கிட்டு அடிக்கப் போறாங்களா? வெளிச்சம் பட்டா படம் பாழு!"

"டார்ச்சுதான் சார். அடிச்சா ஒரே ஒரு தபா. கோச்சுக்காதீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. பச்சைக் கோடு சட்டென்று படுத்துவிட்டது.

தமிழழகன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நட்சத்திரம் ஆணி அடித்தது போல நின்றது. படத்தில் கேலக்ஸியின் சுருள்கள் ஒவ்வொன்றாக, நடுவில் ஓடும் கருப்புக் கோடு வரைக்கும், தெளிந்து வந்தன. இத்தனை வருட ஏக்கம் கண்ணில் திரண்டு நிற்க, வேடியப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நின்னுடுச்சுங்க! மிஷினு ஜெயிச்சுடுச்சு! வெளிச்சமும் வரல, ஆட்டமும் இல்ல. உங்களையா ராசியில்லன்னாங்க? நீங்கதாங்க ராசிக்காரரு!"

வேடியப்பன் அந்த மேட்டையே பார்த்தபடி நின்றார். அங்கே கும்மிருட்டு. வெகுநேரம் பார்த்துவிட்டுப் பாறையில் அப்படியே உட்கார்ந்தார்.

"மிஷினு இல்ல சார். அந்தாண்ட எங்க நெலத்துல போரு போட்டாங்க, பாறைய ஆட்டுன அந்த வண்டிதான் நின்னுப்போச்சு. இது மூணாவது போரு."

"அப்போ அந்த டார்ச்சு?"

"தண்ணி வந்தா அடிக்கறேன்னு பொண்டாட்டி சொன்னா சார்."