பேருக்கு ஒரு ஸ்டோர்

மூன்றாவது படுக்கையறைக்கு அனுமதி கிடைக்காது என்பதால், பிளானில் அதை ஸ்டோர் என்று காட்டி அப்ரூவல் வாங்கியிருந்தான் குமணன். “பேருக்குத்தாம்ப்பா ஸ்டோர், அது உங்க ரூம்தான்,” என்று அப்பா தணிகாசலத்தை அதில் குடிவைத்தான். சொன்னதைக் கேட்டு இயங்கும் அந்த ஸ்மார்ட் வீடோ, தன்னுள் ஏற்றப்பட்ட அப்ரூவல் ஆன பிளானை இம்மி பிசகாமல் கடைப்பிடித்தது.

“நீ சொன்னா லைட் எரியுது, ஃபேன் சுத்துது. நான் தொண்டை கிழிய கத்தினாலும் ஏன்டா அசைய மாட்டேங்குது?” என்று குழம்பியபடியே ஹாலுக்கு வந்தார் தணிகாசலம்.

உடனே வீடு பணிவாகப் பேசியது: “ஸ்டோரில் இருந்த பொருள் ஒன்று ஹாலுக்கு வந்துவிட்டது. தயவுசெய்து திரும்ப எடுத்து வைக்கவும்.”

குமணன் தலையைக் குனிந்துகொண்டான்.

தணிகாசலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோபாவுக்கு அடியில் பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

“எதைச் சொல்லுதுன்னே தெரியலையே. நீயும் கொஞ்சம் எழுந்து தேடேன்ப்பா.”