ஹாரன் வயர்

"ஒரு வகை சூப்பர்சார்ஜர் நீளமான ரோட்டுல, வேகம் ஏற ஏறத்தான் இழுக்கும். இன்னொண்ணு மிதிச்ச உடனே பாயும். எது வேணும் தம்பி?" என்று மெக்கானிக் ஜெபராஜ் கேட்டார்.

"பாயுறதுதாண்ணே. தெரு சின்னது," என்றான் மதிவாணன். அவன் தாடையின் வெட்டுக்காயத்தில் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டும் அந்தக் கருவியைப் பொருத்தி முடித்து எஞ்சினை முடுக்கியதும் சிவப்புக் கார் அலறியது. தகர மேஜையில் ஸ்பானர்கள் துள்ளின. ஜெபராஜ் சிரித்துக்கொண்டே எஞ்சினை அணைத்தார். "சின்னத் தெருவுல யாரோட ரேஸ்?"

"எங்கண்ணனை வெட்டினவன் ஜாமீன்ல வந்திருக்கான். காலையில அவன் வீட்டு கேட்டை அவனேதான் வந்து திறப்பான். ஹாரன் வயரை வெட்டிடுங்கண்ணே. கடைசி நேரத்துல கை பழக்கத்துல அதுக்குப் போயிடும்."

ஜெபராஜ் கட்டரோடு பானட்டுக்குள் குனிந்தார். வயருக்குப் பக்கத்திலேயே, சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் இன்னும் சூடாக இருந்தது. விரித்த கட்டரை இரண்டுக்கும் நடுவில் பிடித்தபடி அவர் வெகுநேரம் நிமிரவில்லை.