வடக்குச் சுவரில் ஒரு முகம்

"எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுக்கறாங்க. நீங்க மட்டும் இந்த மூலையையே அண்ணாந்து பாத்துட்டு நிக்கறீங்களே, கழுத்து சுளுக்கிக்காதா?" என்று கேட்டார் க்ளைவ்.

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் புகைப்படச் சங்கத்தின் சனிக்கிழமை நடைக்கு அவர்தான் வழிகாட்டி. செங்குத்தான கடைவீதியில் ஏறிவந்த மற்றவர்கள் மூச்சு வாங்கியபடி பேராலயத்தின் முன்வாசலில் நின்றார்கள். அன்றுதான் புதிதாகச் சேர்ந்த தெல்மா மட்டும் தனியாக வடக்குச் சுவர்ப் பக்கம் வந்துவிட்டாள். அவளுடைய கேமராவின் மூடியைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"எனக்குப் படம் எடுக்கவே தெரியாதுங்க. உங்க பெரிய லென்ஸை நம்பித்தான் வந்தேன்."

லென்ஸைச் சொன்னதும் க்ளைவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "என் மனைவி ஐவி வாங்கிக் குடுத்தது. மழை பெஞ்சாலும் போய்ட்டு வாங்க, அவசரப்படாதீங்கன்னு சாண்ட்விச் கட்டிக் குடுத்து அனுப்புவா. என்ன, மறதிதான் ஜாஸ்தி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல ஏத்தி வெச்சுட்டு வீடு பூரா தேடுவா. இன்னிக்கும் நான்தான் காட்டிக் குடுத்தேன். அது கிடக்கட்டும், மேல அப்படி என்ன இருக்கு?"

"ஒரு முகம். என் வீட்டுக்காரர் டெரிக் செதுக்கினது."

டெரிக் பேராலயத்தில் கல்தச்சர். சுவர்களில் மழைக்குக் கரைந்துபோன பழைய கல்முகங்களை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும்போது, தெரிந்தவர் யாரையாவது அதில் செதுக்கிவிடுவது கல்தச்சர்கள் வழக்கம். பிடிக்காத மேஸ்திரியை நாக்கைத் தொங்கவிட்டபடி உட்கார வைத்தவர்களும் உண்டு.

"மனசுக்குப் பிடிச்சவ முகத்தை மேல வெச்சிருக்காராம். கூட வேலை செய்யறவர் குடிச்சுட்டு உளறிட்டார். யாருன்னு இவரைக் கேட்டா, ஏறிப் போய்ப் பாத்துக்கோங்கறார். சாரத்தைப் பிரிச்சாச்சு, எப்படி ஏறுறது?"

"நீங்களாத்தான் இருக்கும்."

"இருந்தா இன்னிக்கு அவருக்குப் பிடிச்ச ஆட்டுக்கறி வறுத்துப் போடுவேன். வேற எவளாவதா இருந்தா, இருட்டறதுக்குள்ள அவர் பெட்டி வாசலுக்கு வந்துடும்." கேமராவின் வாரை வெடுக்கென்று இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "டீக்கடை டாஃப்னி மேல எனக்கு ஒரு சந்தேகம். இவரானா லீவு நாள்லயும் வேலைங்கறார். இன்னிக்கும் உளியை எடுத்துட்டுத்தான் கிளம்பினார்."

க்ளைவ் ஒரு சாண்ட்விச்சைப் பிரித்துக் கடித்தார். அடுத்த வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்க்கிற சுகம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறீங்க தெல்மா. சிலதைத் தூரத்துலேர்ந்து பாக்கறதுதான் நல்லது."

"உங்களுக்கென்ன, கொடுத்து வெச்சவர். சொல்லுவீங்க."

அதை அவரால் மறுக்க முடியவில்லை. முக்காலியை ஊன்றி, கேமராவைப் பொருத்தி, லென்ஸைத் திருப்பினார். கீழேயிருந்து பார்க்கக் கொட்டைப் பாக்களவே இருந்த முகம் மெல்ல மெல்லப் பெரிதாகிக் கிட்டே வந்தது.

"டாஃப்னியா?"

"இல்லை."

"அப்ப நானா?"

க்ளைவ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடித்த சாண்ட்விச் வாயில் அப்படியே இருந்தது. தெல்மா அவரை ஒதுக்கிவிட்டுத் தானே குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"நான் இல்லை" என்றாள் கடைசியில். கண் கலங்கிவிட்டது. "யாருன்னே தெரியலை. நல்லா சிரிக்கறா. கண்ணாடியை வேற தலைமேல ஏத்தி வெச்சிருக்கா, கல்லுல அதைக்கூட விடாம செதுக்கியிருக்கார் பாருங்க."

க்ளைவ் லென்ஸைக் கழற்றி நிதானமாக மூடி போட்டார். மிச்சச் சாண்ட்விச்சைப் புறாக்களுக்கு வீசினார்.

"நடக்கலாம் வாங்க தெல்மா" என்றார். "உங்க வீட்டுக்காரர் இந்நேரம் எங்க வீட்லதான் இருப்பார்."